சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே பறக்கும் இடைநில்லா விமானத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்கு இரண்டே வரிகளில் பதில் எழுதியிருந்தேன். பயணிகளை ஏற்றிக்கொண்டு எங்கும் இறங்காமல் முறையாக இயங்கும் விமானச் சேவைகளில் உலகிலேயே நீளமானது அதுதான் என்று சொல்லி நிறுத்தியது போதாது என்பதை அதன் பிறகு வந்த கடிதங்கள் காட்டின. பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு இங்கே கடிகாரம் பார்த்துக்கொண்டிருப்பவர்களும், பாடம் நடத்தும் ஆசிரியர்களும், முதல் முறையாகப் பயணச்சீட்டு வாங்கியவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் இந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே 15,349 கி.மீ. என்று ஓரிடத்தில் படித்தேன். 2018இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் தன் நியூவார்க் சேவையை அறிவித்தபோது சுமார் 16,700 கி.மீ. என்று சொன்னது. நியூவார்க்கும் கென்னடியும் ஒரே மாநகரின் இரு பக்கங்களில் இருக்கும் விமான நிலையங்கள்தானே? 1,350 கி.மீ. வித்தியாசம் எங்கிருந்து வந்தது? மாணவர்களுக்கு நான் எதைச் சொல்வது?
— பள்ளி ஆசிரியர், காரைக்குடி

பதில்: இரண்டுமே சரியான எண்கள். ஆனால் அவை வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. முதல் எண், உருண்டையான பூமியின் மேற்பரப்பில் அந்த இரண்டு இடங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். விமானமே கண்டுபிடிக்கப்படாமல் இருந்தாலும் அது மாறப்போவதில்லை. இரண்டாவது, காற்றையும் வானிலையையும் நாடுகளின் வான்வெளி விதிகளையும் அனுசரித்து ஒரு விமானம் உண்மையில் கடக்கும் பாதையின் நீளம். அது நாளுக்கு நாள் மாறும். நியூவார்க்குக்கும் கென்னடிக்கும் இடையே முப்பது கி.மீ. சொச்சம்தான் என்பதால், உங்கள் கணக்கில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

மாணவர்களுக்கு முதல் எண்ணைக் கையால் தொட்டுக் காட்டவே முடியும். பள்ளியில் உள்ள உலக உருண்டையையும் கொஞ்சம் பூ கட்டும் நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவரை நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூர் மேல் விரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். இன்னொருவரை மறுமுனையை நியூயார்க்கில் வைத்து, தளர்ச்சி போகும்வரை மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். சுவரில் தொங்கும் வரைபடத்தையே பார்த்துப் பழகிய பிள்ளைகள், நூல் இந்தியா, அரேபியா, ஐரோப்பா வழியாக மேற்கே போகும் என்றோ பசிபிக் பெருங்கடலின் குறுக்கே கிழக்கே போகும் என்றோதான் எதிர்பார்ப்பார்கள். இறுகிய நூலோ நேரே வடக்கே ஏறும். கம்போடியா, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா என்று கடந்து, வட துருவத்துக்கு 300 கி.மீ.க்கும் குறைவான தொலைவில் அதை ஒட்டிச் சென்று, கனடா பக்கம் இறங்கி, மாண்ட்ரியால் நகருக்கு அருகே வந்து நியூயார்க்கைத் தொடும். இந்தப் பதிலை எழுதும் முன் 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் நானே வைத்துப் பார்த்தேன்; நூல் 36 செ.மீ. வந்தது. அந்த அளவுள்ள உருண்டையில் 1 செ.மீ. என்பது சுமார் 425 கி.மீ. ஆகும், பெருக்கினால் 15,300 கி.மீ. ஒரு முழம்கூட இல்லாத பூ நூல் இவ்வளவு துல்லியமாக விடை சொல்வதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

மேல் வகுப்பு மாணவர்கள் கூட்டல் கணக்காகவும் இதைச் செய்யலாம். சிங்கப்பூர் விமான நிலையம் ஏறத்தாழ 104 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையிலும், கென்னடி 73.8 டிகிரி மேற்குத் தீர்க்கரேகையிலும் இருக்கின்றன. இரண்டையும் கூட்டினால் 177.8; அதாவது, பூமியைச் சுற்றிப் பார்த்தால் இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட எதிரெதிரே நிற்கின்றன. எதிரெதிரே நிற்கும் இரண்டு ஊர்களுக்குக் குறுக்கு வழி துருவத்தின் வழிதான். சிங்கப்பூரின் அட்சரேகை 1.36 டிகிரி வடக்கு என்பதால் துருவம் வரை ஏற 88.64 டிகிரி, அங்கிருந்து 40.64 டிகிரி வடக்கில் உள்ள கென்னடி வரை இறங்க 49.36 டிகிரி, மொத்தம் 138. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. என்று வைத்துப் பெருக்கினால் 15,346 கி.மீ. நீங்கள் படித்த எண்ணுக்கும் இதற்கும் மூன்றே கி.மீ. வித்தியாசம். எதிரெதிரே இல்லாத ஊர்களுக்கு இந்தக் கூட்டல் உதவாது, அங்கே முக்கோணவியல் வேண்டும். ஆனால் பூ நூல் எல்லா ஊருக்கும் உதவும்.

கேள்வி: துருவத்தின் வழிதான் குறுகியது என்றால், விமானம் ஏன் பல நாள்களில் பசிபிக் கடல் மேலாகச் சுற்றிக்கொண்டு போகிறது? இது எரிபொருளை வீணாக்குவது ஆகாதா?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: ஆகாது. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகத்தான் சுற்றிப் போகிறார்கள். தரையில் ஓடும் வண்டிக்குச் சாலை அசையாமல் கிடக்கிறது; விமானம் ஓடும் சாலையோ காற்று, அது தானே நகர்ந்துகொண்டிருக்கிறது. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், அதாவது பெரிய விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்றோட்டம் என்ற வலுவான காற்று ஆறு ஒன்று பூமியைச் சுற்றி ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானை ஒட்டியும் வட பசிபிக் மேலும் அதன் வேகம் மிக அதிகம். அந்த ஆற்றுக்குள் இறங்கி அதன் போக்கிலேயே போனால், விமானத்தின் வேகத்தோடு காற்றின் வேகமும் சேர்ந்துகொள்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றே இல்லாத வானில் விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். 15,350 கி.மீ. துருவ வழியைக் கடக்க அதற்கு 17 மணி 3 நிமிடம் ஆகும். 16,700 கி.மீ. பசிபிக் வழியில், பாதை முழுவதும் சராசரியாக மணிக்கு 100 கி.மீ. பின்காற்று கிடைத்தால், 1,000 கி.மீ. வேகத்தில் 16 மணி 42 நிமிடத்தில் போய்விடலாம். தூரம் 1,350 கி.மீ. கூடியும் நேரம் 21 நிமிடம் குறைகிறது. இயந்திரங்கள் ஓடும் நேரம் குறைந்தால் எரிபொருளும் குறைகிறது. பின்காற்று 60 கி.மீ. மட்டுமே என்றால் இதே வழி 17 மணி 24 நிமிடம் ஆகிவிடும். அன்று வேறு வழி பார்க்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு நாளும் காற்று நிலவரத்தைப் பார்த்துப் பாதையைப் புதிதாக வகுக்கிறார்கள்.

இதில் என் மனத்தை மிகவும் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. இரண்டு ஊர்களும் எதிரெதிரே இருப்பதால், போகும்போதும் கிழக்கு நோக்கிப் போகலாம், திரும்பும்போதும் கிழக்கு நோக்கியே வரலாம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பசிபிக்கைக் கடந்து நியூயார்க் சேர்கிறது. அங்கிருந்து கிளம்பும் விமானம் அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா, மேற்கு ஆசியா பக்கமாகச் சிங்கப்பூர் வந்து சேர்வதும் உண்டு. அப்படிப் போய்த் திரும்பியவர், தமக்கே தெரியாமல் பூமியை ஒரு முறை வலம் வந்துவிட்டார்.

துருவ வழிக்கு வேறு நிபந்தனைகளும் இருக்கின்றன. வழக்கமாகப் பயன்படும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி செல்சியஸ் என்பதால், மிகக் குளிர்ந்த காற்றுத் திரளுக்குள் நீண்ட நேரம் பறக்கும்போது எரிபொருளின் வெப்பநிலையைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரத்துக்கு இறங்க ஏற்ற விமான நிலையங்களும் அந்தப் பகுதியில் குறைவு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே இருக்கும் நாடு அனுமதிக்க வேண்டும். 2022 பிப்ரவரி இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த ஃபின்ஏர் விமானங்கள், சைபீரியாவைத் தவிர்த்து வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 13 மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் அப்போதும் அதே 7,800 கி.மீ.தான்.

கேள்வி: அட்டவணையில் 18 மணி 40 நிமிடம் என்று போட்டிருந்தது. நான் போன விமானம் 17 மணி நேரம் சொச்சத்திலேயே தரையைத் தொட்டுவிட்டது. அட்டவணையைக் கூட்டிப் போடுகிறார்களா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: அட்டவணையில் இருப்பது, புறப்படும் வாயிலை விட்டு விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, போய்ச் சேரும் வாயிலில் நிற்பது வரையான நேரம். நீங்கள் கணக்கிட்டது சக்கரம் தரையை விட்டதிலிருந்து மீண்டும் தரையைத் தொட்டது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பிறகு வாயில் கிடைக்கும்வரை நிற்பது ஆகியவை எல்லாம் அட்டவணைக்குள் அடக்கம்; கென்னடி போன்ற நெரிசலான நிலையத்தில் இவை ஒரு மணி நேரத்தை எளிதாக விழுங்கிவிடும். அன்றாடக் காற்று மாறுபாட்டுக்காகவும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அட்டவணை போடப்படுகிறது. அதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவருக்கு, சரியான நேரத்துக்கு வந்து சேர்வதுதான் முக்கியம்.

கேள்வி: என் மகனுக்குப் பயண முகவர் எழுதிக் கொடுத்த தாளில், சிங்கப்பூரில் பகல் 12 மணிக்குக் கிளம்பி அதே நாள் மாலை 5.30க்கு நியூயார்க் சேர்வதாக இருக்கிறது. திரும்பும்போது இரவு 10 மணிக்குக் கிளம்பி, மறுநாளும் போய், அதற்கும் அடுத்த நாள் விடியற்காலை 5.30க்குச் சேர்வதாக இருக்கிறது. போவதற்கு ஐந்தரை மணி நேரம், வருவதற்கு முப்பத்தொன்றரை மணி நேரமா? ஏதோ தவறு நடந்திருக்கிறதா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: தவறு ஏதும் இல்லை, அம்மா. நீங்கள் கழித்துப் பார்த்ததும் சரியே. அந்தந்த ஊரின் கடிகாரப்படி எழுதுவதுதான் பயணச்சீட்டின் வழக்கம். புறப்படும் நேரம் சிங்கப்பூர் நேரம், சேரும் நேரம் நியூயார்க் நேரம். குளிர்காலத்தில் சிங்கப்பூர், நியூயார்க்கைவிட 13 மணி நேரம் முந்தியிருக்கிறது. பகல் 12க்குக் கிளம்பிப் பதினெட்டரை மணி நேரம் போனால், சிங்கப்பூரில் மறுநாள் காலை 6.30, அதிலிருந்து 13ஐக் கழித்தால் நியூயார்க்கில் முந்தைய நாள் மாலை 5.30. திரும்பும்போது இதே 13ஐக் கூட்ட வேண்டும்.

உங்கள் இரண்டு எண்களையுமே பயன்படுத்தி ஓர் அழகான கணக்குப் போடலாம். ஐந்தரையையும் முப்பத்தொன்றரையையும் கூட்டுங்கள், 37. பாதியாக்குங்கள், பதினெட்டரை. போகும்போது கழிந்த 13ம் வரும்போது கூடிய 13ம் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால், மிஞ்சுவது உண்மையான பயண நேரத்தின் சராசரி. எந்த ஊருக்கு எத்தனை மணி நேர வித்தியாசம் என்று தெரியாமலேயே, போக வரப் பயணச்சீட்டு ஒன்று கையில் இருந்தால் போதும், இப்படிப் பயண நேரத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அப்போது வித்தியாசம் 13 அல்ல, 12. சிங்கப்பூரில் அந்த வழக்கம் இல்லை. ஆனால் அங்கும் கடிகாரம் மனிதர்கள் பேசி வைத்துக்கொண்டதுதான். 1981ஆம் ஆண்டு முடியும் இரவில் அரை மணி நேரத்தை முன்னே தள்ளி, 1982 முதல் இன்றைய நேரத்துக்கு வந்தார்கள். தீர்க்கரேகைப்படி பார்த்தால் சிங்கப்பூர் இன்னும் ஒரு மணி நேரம் பின்னால் இருக்க வேண்டிய ஊர்.

கேள்வி: இந்தச் சேவை 2013இல் நிறுத்தப்பட்டு, ஐந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் தொடங்கியதாக அறிகிறேன். தூரம் மாறவில்லை, பின் எது மாறியது?
— பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: இயந்திரங்களின் எண்ணிக்கை மாறியது. 2004 ஜூனில் நியூவார்க்குக்கு முதலில் பறந்தது ஏர்பஸ் ஏ340-500. அதற்கு நான்கு இயந்திரங்கள். எரிபொருள் விலை ஏறியபோது நான்கு இயந்திரங்களுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகவில்லை. 2008இல் இருக்கைகளை நூறாகக் குறைத்து, அனைத்தையும் உயர் வகுப்பாக்கிப் பார்த்தார்கள். 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2018 அக்டோபர் 11 அன்று ஏ350-900 விமானத்தின் மிக நெடுந்தூர வகையைக் கொண்டு மீண்டும் தொடங்கினார்கள். 2020 நவம்பரில் கென்னடிக்கும் போகத் தொடங்கினார்கள். இந்த ஏ350 விமானத்துக்கு இரண்டே இயந்திரங்கள். புதிய தொட்டி எதையும் சேர்க்காமல், இருக்கும் தொட்டிகளுக்குள் குழாய் அமைப்பை மாற்றி, 1,41,000 லிட்டராக இருந்த கொள்ளளவை 1,65,000 லிட்டராக உயர்த்தினார்கள்.

பொறியியல் படிக்கும் நீங்கள் அந்த எண்ணைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் விமான எரிபொருள் ஏறத்தாழ 0.8 கிலோ. தொட்டி நிறைந்தால் 132 டன். அந்த விமானம் தரையை விட்டு எழும்போது இருக்கக்கூடிய உச்ச எடை 280 டன். கிட்டத்தட்டப் பாதி எடை எரிபொருளே. பயணத்தின் முதல் பாதியில் எரிவதில் ஒரு பகுதி, இரண்டாம் பாதிக்கு வேண்டிய எரிபொருளைச் சுமப்பதற்காகவே எரிகிறது. ஆகவே தூரம் கூடக் கூட, எரிபொருள் தேவை அதே விகிதத்தில் ஏறுவதில்லை, அதைவிட வேகமாக ஏறுகிறது. அந்தச் சுமையை ஈடுகட்டத்தான், அந்நிறுவனத்தின் வழக்கமான நெடுந்தூர ஏ350 விமானத்தில் 253 பேர் அமரும் இடத்தில், இதில் 161 பேர் மட்டுமே அமர்கிறார்கள். சாதாரண வகுப்பே கிடையாது. கட்டணம் ஏன் அவ்வளவு என்று கேட்ட மூன்று வாசகர்களுக்கும் இதுவே பதில்.

கேள்வி: சென்னையிலிருந்து நியூயார்க் செல்லச் சிங்கப்பூர் வழி நல்லதா, துபாய் வழி நல்லதா?
— வாசகர், சென்னை

பதில்: நேரம்தான் உங்கள் கவலை என்றால் துபாய். சென்னையிலிருந்து நியூயார்க் குறுக்கு வழியில் சுமார் 13,500 கி.மீ. துபாய் வழியாகப் போனால் 2,930, அதன் பிறகு 11,000. மொத்தம் 13,930 கி.மீ. அதாவது வளைவே இல்லை என்று சொல்லலாம். சிங்கப்பூர் வழியாகப் போனால் முதலில் 2,900 கி.மீ. எதிர்த்திசையில் போய், அங்கிருந்து 15,350. மொத்தம் 18,250 கி.மீ.க்கு மேல். சிங்கப்பூரில் உறவினரைப் பார்த்துவிட்டுப் போவதாக இருந்தால் அது வேறு விஷயம்.

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல வாவியிலிருந்து, யுத்த காலத்தில் தண்ணீரில் இறங்கும் விமானங்கள் ஒரு நாளைக்கும் மேலாக நில்லாமல் பறந்து ஆஸ்திரேலியா போனதாக என் தாத்தா சொல்வார். நம்பலாமா?
— வாசகர், காலி, இலங்கை

பதில்: உங்கள் தாத்தா சொன்னது முழுக்க உண்மை. இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஏனென்றால், நெடுந்தூர இடைநில்லாப் பயணத்தின் வரலாற்றில் சிங்கப்பூரும் இலங்கையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருப்பது அங்கேதான்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதுவரை பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த விமானத் தபால் வழி அதனால் அறுந்தது. அந்த இடைவெளியை இணைக்க, 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனத்தின் விமானிகள், பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றிலிருந்து கிளம்பி இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே கடந்து கொக்கல வாவியில் இறங்கினார்கள். தூரம் சுமார் 5,650 கி.மீ. இன்றைய ஜெட் விமானத்துக்கு ஏழு மணி நேர வேலை. அன்று அவர்களிடம் இருந்த கேட்டலினா என்ற கடல் விமானம் மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. வேகத்தில்தான் போகும், ஆகவே காற்றைப் பொறுத்து 27 முதல் 33 மணி நேரம் வரை ஆனது. எரிபொருளுக்கே எடை முழுவதும் போய்விட்டதால், ஏற்றிக்கொள்ள முடிந்தது மூன்று பயணிகளையும் 69 கிலோ தபாலையும் மட்டுமே. எதிரி கேட்டுவிடக் கூடாது என்பதற்காக வானொலியைப் பயன்படுத்தாமல், நட்சத்திரங்களைப் பார்த்தே திசை அறிந்தார்கள். அந்த ஐந்து விமானங்களுக்கும் வழிகாட்டிய நட்சத்திரங்களின் பெயர்களையே சூட்டியிருந்தார்கள்: அல்டேர், வேகா, ரைஜெல், அன்டாரஸ், ஸ்பைகா. தமிழில் இவற்றுள் கடைசி இரண்டையும் நாம் கேட்டை, சித்திரை என்று அறிவோம்.

ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்ததால், பயணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பெயரில் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். பறந்து கடந்த தூரத்தில் அந்தப் பயணத்தை மிஞ்சிய சேவைகள் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. வானில் இருந்த நேரத்தில் இன்றைய சிங்கப்பூர்–நியூயார்க் விமானமும் அதை நெருங்கவில்லை. போர் முடிந்ததும் அந்த விமானங்களைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். வாவி மட்டும் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது.

கேள்வி: இதைவிட நீளமான பயணம் இனி வருமா? அதற்கு எல்லை உண்டா?
— வாசகர், மதுரை

பதில்: எல்லை உண்டு. பூமியின் சுற்றளவில் பாதி, அதாவது சுமார் 20,000 கி.மீ.; அதைத் தாண்டினால் மறுபக்கமாகப் போவதே கிட்ட வழி. சிங்கப்பூருக்கு நேர் எதிரே உள்ள இடம் தென் அமெரிக்காவின் எக்வடோர் நாட்டில் இருக்கிறது. அடுத்து வரவிருப்பது சிட்னி–லண்டன், 17,016 கி.மீ. குவாண்டாஸ் நிறுவனம் அதற்கென ஏ350-1000 விமானங்களைச் செய்யச் சொல்லியிருக்கிறது. அந்தத் திட்டத்துக்கு அது வைத்திருக்கும் பெயரில் 'சூரியோதயம்' என்ற சொல் இருப்பது, கொக்கலப் பயணங்களின் நினைவாகத்தான். 2019 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்குச் சோதனையாக ஒரு விமானத்தைச் சில பத்துப் பேருடன் ஓட்டிப் பார்த்தபோது 19 மணி 16 நிமிடம் ஆனது.

கேள்வி: எழுபது வயதில், சர்க்கரை நோயுடன் இவ்வளவு நேரம் உட்கார்ந்து போகலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: போகலாமா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன். இன்சுலின் போடுபவராக இருந்தால், பயண நாளில் எந்த நேரத்துக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பகலும் இரவும் அப்படியே இடம் மாறும் பயணம் இது, 'காலை', 'இரவு' என்ற சொற்கள் அங்கே குழப்பும். மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் வாய்ப்புக் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. விழித்திருக்கும் நேரத்தில் அவ்வப்போது எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். 12, 13 மணி நேர மாற்றத்துக்கு உடல் பழகப் பல நாள்கள் ஆகும். போன மறுநாளே கல்யாணத்தில் நிற்க வேண்டிய பயணமாக இதை அமைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஐயா, என் மகள் சிங்கப்பூரிலிருந்து பகல் 12 மணி விமானத்தில் நியூயார்க் போகிறாள். எனக்கு இந்த வித்தியாசக் கணக்கெல்லாம் பிடிபடவில்லை. நம் ஊர் நேரப்படி அவளுடைய போன் எப்போது வரும் என்று மட்டும் சொல்லுங்கள்.
— வாசகி, திருச்சி

பதில்: உங்களுக்கு நியூயார்க் நேரம் தேவையே இல்லை, அம்மா. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே பகல் 12 என்றால் இங்கே காலை 9.30. அதிலிருந்து பதினெட்டரை மணி நேரத்தை நம் வீட்டுக் கடிகாரத்திலேயே எண்ணுங்கள். மறுநாள் விடியற்காலை 4 மணி. குடியேற்றப் பரிசோதனை வரிசைக்கும் பெட்டி எடுப்பதற்கும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டாம். நிம்மதியாகத் தூங்கி, ஐந்து மணிக்கு எழுந்து போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வரை வராவிட்டாலும் பயப்பட வேண்டாம், வரிசை நீளமாக இருக்கும்.